குழல்விளக்கின் பழுதுகள்

பாதரச ஆவியினூடே பாயும் மின்சாரம் எழுப்பும் புற ஊதாக் கதிர்களை, கண்ணாடிக் குழலின் உட்புறத்தில் பூசிய ரசாயனப் பொடியைக் கொண்டு வெண்ணிற ஒளியாக மாற்றித் தரும் குழல்விளக்கு, 1938-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, பின்னர் நம் வீடுகளிலும் நான்கடி நீளமும் 40 வாட் சக்தியும் உள்ள டியூப் லைட்டாக நிலைபெற்றது. குண்டு பல்பு எரியாவிட்டால் இழை அறுந்ததென்று பெரும்பாலும் உடனே தீர்மானித்துவிடலாம். குழல்விளக்கிலோ குழல், சோக், ஸ்டார்ட்டர், ஹோல்டர்கள் ஆகிய அங்கங்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால், குற்றம் எதனிடம் என்று ஆராயாமல் குழலை மாற்றுவது வீண் செலவாகும்.

சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டரினுள் உள்ள சிறு கண்ணாடிக் கூட்டில் வாயு ஒளிர்ந்து, அவ்வுஷ்ணத்தால் ஈருலோகத் தகடு வளைந்து தொடுமுனைகளை இணைக்க, குழலின் இருமுனை இழைகளும் சூடேறுகின்றன. தகடு ஆறி விலகும் கணத்தில், தன்னூடே ஓடிய மின்சாரம் திடீரென அறுபடுவதால் சோக் பல நூறு வோல்ட் அழுத்தத்தை எழுப்ப, குழல் பற்றிக்கொள்கிறது. அதன் பிறகு ஸ்டார்ட்டருக்கு வேலையில்லை. மின்சாரம் அளவு மீறாமல் காக்கும் பொறுப்பு சோக்கையே சாரும்.

ஆகவே முனைகள் சிவந்து நின்று நடுப்பகுதி இருண்டிருக்குமானால், ஸ்டார்ட்டரின் தொடுமுனைகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டன, அல்லது அதிலுள்ள மின்தேக்கி பழுதாயிற்று என்று கொள்ளலாம். நன்றாக எரியும் வேறொரு விளக்கின் ஸ்டார்ட்டரை மாட்டிப் பார்ப்பதே இதற்கு எளிய பரீட்சை. குழல் ஓயாமல் மினுக்கி, முனைகளும் நன்கு கறுத்திருந்தால், இழைகளின் மேற்பூச்சு தேய்ந்து அதன் ஆயுள் முடிவுற்றதென்று அறிய வேண்டும். ஊரெல்லாம் விளக்கேற்றும் மாலை வேளையில் மட்டும் மினுக்குமாயின், மின்னழுத்தக் குறைவையே முதலில் சந்தேகிக்கலாம். மினுக்கும் விளக்கைச் சகித்துக்கொண்டு நாட்கணக்கில் எரியவிடுவது ஸ்டார்ட்டரையும் சோக்கையும் சேர்த்துக் கெடுக்கும் அஜாக்கிரதை.

சிறு மினுக்கமுமின்றி இருண்டே கிடக்கும் விளக்கில், குழலின் ஊசிகள் கால்வட்டம் திரும்பிச் சரியாகப் பொருந்தாமையோ, ஹோல்டரின் தொடுமுனைகள் தளர்ந்தும் களிம்பேறியும் இருப்பதோ மிகச் சாதாரணம்.

சோக்கின் ரீங்காரம் பெரும்பாலும் இரும்புத் தகடுகள் தளர்ந்ததைக் காட்டுவது. அதில் பெரிய அபாயமில்லை. கருகல் நாற்றமோ அலட்சியத்துக்கு இடந்தராதது: கம்பிச்சுருளின் காப்பு எரிந்து, கட்டுப்பாடிழந்த மின்சாரம் புதுக் குழலின் இழைகளையும் அழித்துவிடுமாதலால், சோக்கை மாற்றிய பின்னரே குழலை மாட்ட வேண்டும்.

அணைத்த பின்னும் விளக்கு மங்கலாக ஒளிருமாயின், சுவிட்சு பேஸ் கம்பியில் அன்றி நியூட்ரலில் இணைக்கப்பட்டிருக்கலாம். அத்தகைய வீட்டில் சுவிட்சை அணைத்தாலும் விளக்கின் உட்பாகங்களில் மின்னழுத்தம் நீடித்திருக்கும். எனவே மெயினை நிறுத்தி, டெஸ்டரால் சோதித்த பிறகே கை வைத்தல் வேண்டும். கழற்றிய குழலில் பாதரசம் இருப்பதால் அதை உடைத்தெறியாது, குழந்தைகளுக்கு எட்டாமல் பத்திரப்படுத்தி, அபாயக் கழிவுகளைச் சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் முறையாகும்.