ஒரு ஷேர் ஆட்டோ அளவு சீட்டு: கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்டியின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு மெயில்ல இருந்து தொடங்குது. நம்ம நேயர் ஒருத்தங்க, சென்னையில எம்.எஸ்சி. சைக்காலஜி முடிச்சவங்க. அமெரிக்காவுல கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்டிக்கு பன்னிரண்டு யுனிவர்சிட்டியில அப்ளை பண்ணியிருக்காங்க. ரெண்டு இடத்துல இன்டர்வியூ வரைக்கும் போயிருக்காங்க. கடைசியில பன்னிரண்டு இடத்துல இருந்தும் இல்லைன்னு பதில் வந்துடுச்சு. "மார்க் இல்லாம கிடைக்கலைன்னா புரிஞ்சுக்குவேன். எனக்கு மார்க் இருக்கு. அப்போ எங்க தப்பு பண்ணேன்?" இதுதான் அவங்க கேள்வி.

கன்சல்டன்சிக்காரங்க இதுக்கு உடனே ஒரு பதில் வச்சிருப்பாங்க. எஸ்ஸேயை மாத்துங்க, அடுத்த வருஷம் இருபது இடத்துக்குப் போடுங்கன்னு. எனக்கு அதுக்கு முன்னாடி வேற ஒரு கேள்வி வந்தது. ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற ஒரு டிபார்ட்மெண்டுக்கு வருஷத்துக்குப் பல நூறு விண்ணப்பங்கள் வருது. அவங்க எடுக்கிறது அஞ்சு பேர், எட்டு பேர், மிஞ்சிப்போனா பத்துப் பேர். மொத்த பேட்சையும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏத்திடலாம். மனநல சிகிச்சைக்கு ஆள் பத்தலைன்னு எப்பவும் பேசிட்டு இருக்கிற ஒரு நாட்டுல, அந்த ஆட்களை உருவாக்குற கோர்ஸுக்கு ஏன் இவ்வளவு குறைவான இடம்?

இதுக்கான விடை 1940களில் இருக்கு. ஆனா கதை அதுக்கும் அரை நூற்றாண்டு முன்னாடி தொடங்குது.

ஸ்பெல்லிங் வராத பையன்

1896. பிலடெல்பியா. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல லைட்னர் விட்மர்னு ஒரு இளம் பேராசிரியர். ஜெர்மனியில லைப்சிக் நகரத்துல வில்ஹெல்ம் வுண்ட்கிட்ட டாக்டரேட் வாங்கிட்டு வந்தவர். அந்தக் காலத்துல சைக்காலஜின்னாலே ஆய்வுக்கூடம்தான். ஒரு விளக்கு எரிஞ்சதும் எத்தனை வினாடியில கை அசையுதுன்னு அளக்குறது, அந்த மாதிரி வேலை.

ஒரு பள்ளி ஆசிரியை தன்னோட 14 வயசு மாணவனைப் பத்தி விட்மர்கிட்ட கேட்டாங்க. பையன் கெட்டிக்காரன், ஆனா ஸ்பெல்லிங் மட்டும் வரவே இல்லை. மனசைப் பத்தின அறிவியல்னு சொல்றீங்களே, இதுக்கு ஒரு வழி சொல்ல முடியாதான்னு கேள்வி. விட்மர் அவனைச் சோதிச்சுப் பார்த்தார். கண் பார்வையில கோளாறு இருந்தது தெரிஞ்சது. கண்ணாடி போட்டு, தனியா பாடமும் சொல்லிக் கொடுத்தாங்க. அந்த வருஷமே அங்க ஒரு கிளினிக் ஆரம்பமாச்சு. உலகத்துல முதல் சைக்காலஜி கிளினிக்னு அதைத்தான் சொல்றாங்க. 1907ல இதுக்குன்னு ஒரு பத்திரிகையும் தொடங்கி, இந்தத் துறைக்கு கிளினிக்கல் சைக்காலஜின்னு பேர் வச்சதும் அவர்தான்.

அடுத்த நாற்பது வருஷத்துக்கு இந்த வேலைக்கு ஒரே மாதிரியான படிப்புன்னு எதுவும் கிடையாது. மாஸ்டர்ஸ் முடிச்சவங்க பள்ளிகளிலும் குழந்தைகள் கிளினிக்கிலும் டெஸ்ட் எடுத்தாங்க, ரிப்போர்ட் எழுதினாங்க. சிகிச்சை பெரும்பாலும் மருத்துவம் படிச்ச மனநல மருத்துவர்கள் கையில இருந்தது.

போர் முடிஞ்சது, ஆஸ்பத்திரி நிரம்பியது

இரண்டாம் உலகப் போர்தான் எல்லாத்தையும் மாத்தினது. 1946ல, முன்னாள் ராணுவத்தினருக்கான அமெரிக்க அரசு மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகளில் பாதிக்கும் மேல் மனநலப் பிரச்சினைக்காக வந்தவங்க. அவங்களைப் பார்க்கப் போதுமான மனநல மருத்துவர்கள் நாட்டிலேயே இல்லை. ஒரு டாக்டரை உருவாக்கப் பத்து வருஷம் ஆகும். அப்போ யார் பார்க்கிறது?

அந்த மருத்துவமனைகளை நடத்துற அரசுத் துறை சைக்காலஜிஸ்டுகள் பக்கம் திரும்பியது. 1946 இலையுதிர் காலத்துல 22 பல்கலைக்கழகங்களில் 200 மாணவர்களோட ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினாங்க. மாணவர்கள் யுனிவர்சிட்டியில படிப்பாங்க, பாதி நேரம் மருத்துவமனையில வேலை செய்வாங்க, அரசு சம்பளம் கொடுக்கும். வேலைக்குச் சேரணும்னா டாக்டரேட் வேணும்னும் அந்தத் துறை முடிவு பண்ணியது. அதே வருஷம் ஜூலையில ஜனாதிபதி ட்ரூமன் தேசிய மனநலச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அது வழியாவும் பல்கலைக்கழகங்களுக்குப் பயிற்சிக்குன்னு பணம் வர ஆரம்பிச்சது.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்திக்கலாம். நம்ம ஊர்ல சீட்டுன்னு சொன்னா கிளாஸ்ரூம்ல ஒரு பெஞ்ச் ஞாபகம் வரும். இன்னும் நாலு பெஞ்ச் போட்டா இன்னும் நாலு சீட்டு. 1946ல உருவான சீட்டு அப்படிப்பட்டது இல்லை. ஒரு சீட்டுக்குப் பின்னாடி ஒரு மாணவரோட பல வருஷச் சம்பளம், மருத்துவமனையில ஒரு இடம், பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுக்க ஒரு சீனியர், இத்தனையும் இருந்தாகணும்.

ஷாக்கோவும் போல்டரும்

எந்தப் பல்கலைக்கழகத்தை நம்பி மாணவர்களை அனுப்புறது? அரசு இதை அமெரிக்க உளவியல் சங்கத்துக்கிட்ட, அதாவது ஏபிஏகிட்ட கேட்டது. அந்தக் குழுவுக்குத் தலைவர் டேவிட் ஷாக்கோ. மாசசூசெட்ஸ்ல வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில பல வருஷம் தலைமை சைக்காலஜிஸ்டா இருந்தவர். இவர் ஹார்வர்டுல மாஸ்டர்ஸ் வாங்கினது 1925. டாக்டரேட் வாங்கினது 1942. நடுவுல பதினேழு வருஷம். அமெரிக்க கிளினிக்கல் பிஎச்டி திட்டத்தை வரைஞ்சவருக்கே அவரோட பிஎச்டி அவ்வளவு தாமதமாத்தான் வந்தது. மூணாவது தடவையா அப்ளை பண்றவங்க இதை மனசுல வச்சுக்கலாம்.

1947ல ஷாக்கோ குழுவோட அறிக்கை வந்தது. நாலு வருஷப் படிப்பு. அதுல மூணாவது வருஷம் முழுக்க மருத்துவமனையில பயிற்சி. ஆராய்ச்சி, நோய் கணிப்பு, சிகிச்சை மூணும் தெரிஞ்சிருக்கணும்.

இதை முடிவு பண்ண 1949 ஆகஸ்ட் 20 முதல் செப்டம்பர் 3 வரைக்கும் கொலராடோ மாநிலத்துல போல்டர் நகரத்துல 73 பேர் கூடினாங்க. பதினைந்து நாள் பேச்சு. முக்கியமான கேள்வி ஒண்ணுதான்: நாம உருவாக்கப்போறது விஞ்ஞானியையா, சிகிச்சை தர்றவரையா? ரெண்டும் ஒரே ஆளா இருக்கணும்னு முடிவாச்சு. இதுக்கு நல்ல காரணம் இருந்தது. எந்த சிகிச்சை வேலை செய்யுதுன்னு அன்னைக்கு யாருக்கும் உறுதியா தெரியாது. தெரியாத ஒண்ணைச் செய்யறவருக்கு, தான் செய்யறது பலிக்குதான்னு சோதிச்சுப் பார்க்கவும் தெரியணும். இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. ஆராய்ச்சி இல்லாம பிஎச்டி கொடுக்கப் பல்கலைக்கழகங்கள் சம்மதிக்காது.

இதைத்தான் போல்டர் மாடல்னு சொல்றாங்க. எழுபத்தஞ்சு வருஷம் தாண்டியும் அமெரிக்க கிளினிக்கல் பிஎச்டி பெரும்பாலும் இந்த அச்சுலதான் ஓடுது.

ஒரு பேராசிரியர், ஒரு மாணவர்

இப்போ நம்ம நேயரோட பன்னிரண்டு விண்ணப்பத்துக்கு வருவோம். ஆராய்ச்சியை கிளாஸ்ல உட்கார்ந்து கத்துக்க முடியாது. பட்டறையில ஆசாரிகிட்ட இருந்து கத்துக்கிற மாதிரிதான். அதனால ஆராய்ச்சியை மையமா வச்ச பல டிபார்ட்மெண்டுகளில் உங்களைத் தேர்ந்தெடுக்குறதுல முக்கியமான குரல் ஒரு பேராசிரியரோடது. அவர் இந்த வருஷம் ஒரு மாணவரை எடுப்பார். சில வருஷம் யாரையும் எடுக்க மாட்டார், ஏன்னா கிராண்ட் முடிஞ்சிருக்கும் இல்லைன்னா லேப்ல ஆள் நிறைஞ்சிருக்கும். நீங்க குழந்தைகளோட பதற்றத்தைப் பத்தி ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டு, அங்க அதைச் செய்யற ஒரே பேராசிரியர் அந்த வருஷம் ஆள் எடுக்கலைன்னா, உங்களுக்கான இடம் பூஜ்யம். உங்க மார்க் என்னவா இருந்தாலும் அதே பூஜ்யம்தான்.

கட்-ஆஃப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதுசு. கட்-ஆஃப்ல உங்களுக்கு முன்னாடி எத்தனை பேர்னு தெரியும். இங்க வரிசையே கிடையாது.

இந்த முறையில ஒரு ஆபத்தும் உண்டு. ஒரே ஒரு ஆளோட சம்மதத்துல எல்லாம் நிக்குதுன்னா, அந்த ஆள் யாருங்கறது பெரிய விஷயம் ஆயிடுது.

மேமி கிளார்க்கும் அவரோட வழிகாட்டியும்

மேமி பிப்ஸ் கிளார்க். ஆர்கன்சாஸ் மாநிலத்துல 1917ல பிறந்த கறுப்பினப் பெண். ஹோவர்ட் பல்கலைக்கழகத்துல மாஸ்டர்ஸ் முடிச்சு, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துல டாக்டரேட்டுக்குச் சேர்ந்தாங்க. போல்டருக்கு முந்தின காலம்தான், ஆனா வழிகாட்டி முறை அப்பவே இருந்தது. அவங்க வழிகாட்டி ஹென்றி கேரட். புள்ளியியல்ல பெரிய பேர், பின்னாடி ஏபிஏ தலைவரும் ஆனவர். கறுப்பினத்தவர் அறிவுல குறைஞ்சவங்கன்னு நம்பினவரும்கூட.

1943ல மேமிக்குப் பட்டம் கிடைச்சது. அதுக்குத் தகுந்த வேலை கிடைக்கலை. தன் படிப்புக்கு ரொம்பக் கீழான வேலைகளில்தான் தொடங்க வேண்டியிருந்தது. 1946ல கணவர் கென்னத் கிளார்க்கோட சேர்ந்து ஹார்லெம்ல குழந்தைகளுக்கான ஒரு மனநல மையத்தை ஆரம்பிச்சாங்க. தொடக்க முதல் அவங்க அப்பா கொடுத்த கடன். நார்த்சைட் சென்டர்னு அது இன்னைக்கும் நடக்குது.

அதுக்கப்புறம் வர்ஜீனியாவுல ஒரு வழக்கு. கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி வைக்கிறது சரியான்னு கேள்வி. சரிதான்னு சாட்சி சொன்ன நிபுணர்களில் ஒருத்தர் ஹென்றி கேரட். அவர் வாதத்தை மறுத்துச் சாட்சி சொன்னவர்களில் ஒருத்தர் அவரோட பழைய மாணவி மேமி கிளார்க். அந்த வழக்கும் சேர்ந்த பிரவுன் வழக்குலதான் 1954ல உச்ச நீதிமன்றம் தனிப் பள்ளி முறையைச் சட்டவிரோதம்னு சொன்னது.

மேமி உள்ள போயிட்டாங்க. போக முடியாதவங்க எத்தனை பேர்? அந்தக் கேள்வியை 1969ல கறுப்பின மாணவர்களே மேடை ஏறிக் கேட்டாங்க. வாஷிங்டன்ல நடந்த ஏபிஏ மாநாட்டுல தலைவர் ஜார்ஜ் மில்லர் உரையாற்ற இருந்த நேரத்துல மேடைக்கு வந்து, டாக்டரேட் வகுப்புகளில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கணும்னு கோரிக்கை வச்சாங்க. சிறுபான்மை மாணவர் சேர்க்கைக்குன்னு துறைக்குள்ள வந்த பல முயற்சிகள் அதுக்குப் பிறகு வந்தவைதான்.

இன்னொரு கதவு, அதுக்கு ஒரு விலை

ஆள் இன்னும் வேணும், எல்லாரும் விஞ்ஞானி ஆகணும்னு என்ன அவசியம்? இந்தக் குரல் 60களில் வலுத்தது. 1968ல இல்லினாய் பல்கலைக்கழகம் சைடி (சிகிச்சையை மையமா வச்ச டாக்டரேட்) தொடங்கியது. 1973ல கொலராடோவிலேயே வெயில்ங்கற ஊர்ல நடந்த மாநாடு அதை முழுசா அங்கீகரிச்சது. தனியா இயங்குற கல்லூரிகளும் வந்தன. ஒரு பேட்சுக்கு எட்டுப் பேர்ங்கற இடத்துல ஐம்பது, அறுபதுன்னு எடுக்க முடிஞ்சது.

ஆனா பணம் எங்கிருந்து வந்தது? பிஎச்டியில பெரும்பாலும் மாணவருக்கு ஃபீஸ் தள்ளுபடி, மேல ஸ்டைபண்டும் உண்டு. சைடியில பெரும்பாலும் மாணவர்தான் ஃபீஸ் கட்டணும். வெளியில வரும்போது தலைமேல பெரிய கடன். அதோட நெரிசலும் வேற இடத்துக்கு நகர்ந்தது. ஷாக்கோ சொன்ன அந்த ஒரு வருஷ மருத்துவமனைப் பயிற்சிக்கு 1999ல இருந்து கம்ப்யூட்டர் மேட்ச் நடக்குது. 2010களோட தொடக்கத்துல இடங்களை விட விண்ணப்பிச்சவங்க பல நூறு பேர் அதிகம். அஞ்சு வருஷம் படிச்சும் பட்டம் வாங்க முடியாம காத்திருந்தாங்க.

எனக்கு இந்த வரலாறு சொல்றது இதுதான். அந்தப் படிப்புல சீட்டோட எண்ணிக்கையை முடிவு பண்றது யார் செலவு பண்றாங்கங்கறது. அரசோ யுனிவர்சிட்டியோ கொடுத்தா சீட்டு குறைவு. மாணவர் கொடுத்தா சீட்டு அதிகம், சுமையும் அவர் மேல.

நம்ம பக்கத்துலயும் இதே சாயல் இருக்கு. பெங்களூருல, இன்னைக்கு நிம்ஹான்ஸா இருக்கிற நிறுவனத்துல 1955லயே கிளினிக்கல் சைக்காலஜி பயிற்சி தொடங்கியது. அதுவும் மருத்துவமனையோட கட்டினது, அதனாலயே இடம் குறைவு.

அந்த மெயிலுக்குப் பதில்

இப்போ நம்ம நேயருக்கு. நீங்க எங்க தப்பு பண்ணீங்கன்னு கேட்டீங்க. பன்னிரண்டு கடிதத்துல சிலது உங்களைப் பத்தினதே இல்லாம இருக்கலாம். கிராண்ட் முடிஞ்ச ஒரு லேபைப் பத்தினதா இருக்கலாம். இன்டர்வியூ வரைக்கும் போன அந்த ரெண்டு இடத்துல, உங்களைத் தகுதியானவங்கன்னு ஒருத்தர் ஏற்கனவே முடிவு பண்ணியிருக்கார்.

அடுத்த தடவை பல்கலைக்கழகத்தோட பேரைப் பார்க்கறதுக்கு முன்னாடி, எந்தப் பேராசிரியர் இந்த வருஷம் மாணவர் எடுக்கிறார்னு பாருங்க. நிறைய பேர் தங்கள் பக்கத்துலயே போட்டிருப்பாங்க. இல்லைன்னா ஒரு சின்ன மெயில் போட்டுக் கேளுங்க. ஏபிஏ அங்கீகாரம் உள்ள படிப்புகள் எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு இன்டர்ன்ஷிப் கிடைச்சதுன்னு வெளியிட்டே ஆகணும். சைடி பக்கம் போகணும்னா அந்த அட்டவணையையும் ஃபீஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஸ்டைபண்டோட ஆஃபர் வந்தா பயந்துபோய் உடனே ஒத்துக்க வேண்டாம், பெரும்பாலான இடங்களில் ஏப்ரல் 15 வரைக்கும் டைம் உண்டு.

இன்டர்வியூவுக்குப் போனா, அந்த லேப்ல இப்போ படிக்கிற மாணவர்கள்கிட்ட தனியா பேசுங்க. அஞ்சாறு வருஷம் ஒரே ஆள்கிட்ட வேலை செய்யப்போறீங்க. அவர் உங்களைத் தேர்ந்தெடுக்கிற மாதிரியே நீங்களும் அவரைத் தேர்ந்தெடுக்கணும்.

திரும்ப அப்ளை பண்ணீங்கன்னா என்ன ஆச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.