ஐந்நூறு பேருக்குச் சோறிட ஒப்பிய ஊர்

கன்னியர் மடம் என்றவுடன் நம் மக்களின் மனக்கண்ணில் தோன்றுவது ஓர் உயர்ந்த மதில், அதில் ஓர் இரும்புக் கதவு, உள்ளே ஒரு பள்ளிக்கூடம். ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த வாழ்க்கைமுறை அது என்றே பலரும் எண்ணுகின்றனர். அருள்சகோதரியர் சிலரும் அவ்வாறே கூறக் கேட்டிருக்கிறோம். ஆனால் வெம்பாக்கத்துக்கும் ஆரணிக்கும் வந்தவாசிக்கும் இடையே ஏரிகளை நம்பிக் கிடக்கும் இந்த மண்ணில், ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே துறவுப் பெண்களின் பெரும் இல்லம் ஒன்று இருந்தது. அது சமணருடைய இல்லம். பட்டு நூலால் பிழைக்கும் நம் வட்டாரத்தில், ஒரு புழுவுக்கும் தீங்கு நினையாமையை நோன்பாகக் கொண்ட பெண்கள் கூடி வாழ்ந்தனர் என்பதை எண்ணும்போது சற்றே வியப்புத் தோன்றத்தான் செய்கிறது.

சமணத் துறவியர் தங்கிய இடத்தைப் பழந்தமிழர் 'பள்ளி' என்றனர். அங்கே எழுத்தும் இலக்கணமும் கற்பிக்கப்பட்டமையால் பின்னாளில் கல்விச்சாலைக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது என்பர். கேரளக் கிறிஸ்தவர் இன்றும் தம் ஆலயத்தைப் பள்ளி என்றே அழைக்கின்றனர்; இஸ்லாமியருக்கு அது பள்ளிவாசல். ஒரு துறவுக் குடிலின் பெயர் மூன்று சமயத்தாருக்கும் பொதுச்சொல் ஆயிற்று. அயர்லாந்து நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒன்றைக் காணலாம். கில்டேர், கில்கென்னி, கில்லார்னி என்று அந்நாட்டு ஊர்ப்பெயர்களில் முன்நிற்கும் 'கில்' என்பது துறவியின் சிற்றறையையும் ஆலயத்தையும் குறித்த பழஞ்சொல். நகரங்கள் தோன்றுவதற்கு முன் அந்நாட்டில் துறவு இல்லங்களே ஊர்களுக்கு நடுவாக இருந்தன.

நாம் குறிப்பிட்ட இல்லம் இருந்த ஊர் வந்தவாசிப் பகுதியில் உள்ள வேடல். கல்வெட்டில் அதன் பெயர் விடால். மாதேவி ஆராந்திமங்கலம் என்னும் மறுபெயரும் உண்டு. அங்குள்ள குன்றில் குகைகளும் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று இராசகேசரிவர்மனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இவ்வரசன் முதலாம் ஆதித்த சோழன் என்று கொள்கின்றனர். அதன்படி காலம் சுமார் கி.பி. 885. குணகீர்த்தி பட்டாரர் என்னும் ஆசிரியரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியார் என்ற துறவுத் தலைவியை அக்கல்வெட்டு நமக்கு அறிமுகப்படுத்துகிறது. குரத்தி என்பது குரவர் என்பதன் பெண்பால், பெண் குரு. அவர்கீழ் 500 மாணாக்கியர் இருந்தனர். அவர்களுக்கும் 400 தவசியருக்கும் இடையே ஒரு பிணக்கு எழுந்தது. அந்நிலையில் ஊரார் முன்வந்து, குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் தாமே காத்து உணவளிப்பதாக ஒப்புக்கொண்டு அதைக் கல்லில் வெட்டுவித்தனர்.

கல்வெட்டு சொல்லும் செய்தி இவ்வளவே. அங்கே என்ன கற்பித்தனர், எந்நூலை ஓதினர், எவ்வாறு தவம் புரிந்தனர் என்று ஒரு சொல்லும் இல்லை. சண்டையும் சோறும் மட்டுமே கல்லில் நிற்கின்றன. சமயப் பற்று மிக்க வாசகருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். நமக்கோ இதுவே அக்கல்லின் அருமை என்று தோன்றுகிறது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சமணத் துறவியர் ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் உண்பர். அப்படியே வைத்துக்கொண்டாலும் 500 பேருக்கு ஓர் ஆண்டில் 1,82,500 வேளை உணவு வேண்டும். பழங்காலத்து எண்கள் சற்று ஊதியவை என்று சொல்வாரும் உளர்; பாதியாகக் குறைத்துக் கொண்டாலும் அது ஒரு கிராமத்துக்குச் சின்னச் சுமையன்று. ஏரி பெருகினால் நெல், பெருகாவிட்டால் பட்டினி என்று வாழும் ஊர் அது. அரசன் ஆணையிட்டதாகவோ வணிகன் ஒருவன் பொற்காசு கொடுத்ததாகவோ அங்கே குறிப்பில்லை. ஊரார் ஒப்புக்கொண்டனர் என்பதே செய்தி.

சிலப்பதிகாரத்துக் கவுந்தி அடிகளை நாம் பள்ளிக்கூட நாளிலேயே அறிவோம். கண்ணகிக்கும் கோவலனுக்கும் வழித்துணையாக மதுரைவரை நடந்த சமணத் துறவி அவர். காப்பியப் பாத்திரம்தானே என்று அவரை ஒதுக்கிவிட முடியாதபடி, தென்பாண்டி நாட்டுக் கழுகுமலைப் பாறையில் மிழலூர்க் குரத்திகள், திருச்சாரணத்துக் குரத்திகள், சங்கக் குரத்திகள் என்று பெண் ஆசிரியரின் பெயர்கள் வட்டெழுத்தில் நிரையாக வெட்டப்பட்டுள்ளன. அப்பெயர்களோடு ஊர்ப்பெயர்கள் ஒட்டி நிற்பதைக் கவனிக்க வேண்டும். துறந்து போனவர்களை ஊர் கைவிடவில்லை.

இனி அயர்லாந்துக்குச் செல்வோம். அந்நாட்டில் பெண் துறவியர் இல்லம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கில்டேர். 'கருவாலி மரத்தடி ஆலயம்' என்பது அப்பெயரின் பொருள். புனித பிரிஜித் அதை நிறுவியதாகத் திருச்சபை மரபு போற்றுகிறது. அவர் திருநாளாகிய பிப்ரவரி முதல் நாளையொட்டி 2023 முதல் அந்நாட்டில் பொது விடுமுறையும் விடப்படுகிறது. ஏழாம் நூற்றாண்டில் கொகித்தோசுஸ் என்பவர் எழுதிய பிரிஜித்தின் வரலாற்றில் கில்டேர் ஆலயத்தின் வருணனை வருகிறது. ஆண் துறவியரும் பெண் துறவியரும் ஒரே ஆலயத்தில், நடுவே ஒரு தடுப்புச் சுவர் இருக்க, இருபுறமும் நின்று வழிபட்டனர். தலைமை ஆயருக்கும் மடத்தலைவிக்கும் பொதுவாக இருந்தது. விடாலில் 500 பேருக்கும் 400 பேருக்கும் ஏன் பிணக்கு வந்தது என்று வியப்போர் அந்தத் தடுப்புச் சுவரைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

அயர்லாந்தின் மடங்களும் நாட்டுப்புறத்து மடங்களே. அவற்றின் செல்வம் மாடும் வயலும். மடத்து நிலத்தில் குடியிருந்து உழுது, விளைச்சலில் பங்கு செலுத்திய இல்லறத்தார் பலர் இருந்தனர். அவர்களுக்கு மடம் திருமுழுக்கும் நற்கருணையும் இறந்தோருக்கான மன்றாட்டும் தரக் கடமைப்பட்டிருந்தது. இக்குடியானவரை அந்நாட்டார் எப்பெயரால் அழைத்தனர் தெரியுமா? 'மனாக்' என்றனர், துறவி என்பதற்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான். மனைவி மக்களோடு வாழ்ந்து ஏர் பிடித்தவனும் மடத்தைச் சேர்ந்தவனே என்பது அவர்கள் கணக்கு. பொதுநிலையினரின் இடம் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நாம் எழுதிக் குவித்திருக்கும் பக்கங்களை நினைத்துக்கொண்டே இச்சொல்லை நாம் பலமுறை சொல்லிப் பார்த்ததுண்டு.

ஆயினும் அயர்லாந்தின் வரலாற்றை வெள்ளையடித்துக் காட்டலாகாது. செல்வம் பெருகிய மடங்கள் குறுநில மன்னரின் குடும்பச் சொத்துப்போல் ஆயின. 764ஆம் ஆண்டில் கிளான்மக்னாய்ஸ் மடத்தாருக்கும் டரோ மடத்தாருக்கும் போரே மூண்டது; டரோவைச் சேர்ந்தவர் 200 பேர் மடிந்தனர் என்று அந்நாட்டு ஆண்டுக்குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. இரண்டும் புனிதர்கள் நிறுவிய இல்லங்கள். இரண்டிலும் திருப்பாடல்கள் நாள்தோறும் ஒலித்தன. வைக்கிங் கொள்ளையர் 836இல் கில்டேரைச் சூறையாடிப் பாதி ஆலயத்தை எரித்ததை நாம் பரிவோடு படிக்கிறோம். அதற்கு 72 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு மடத்தார் மற்றொரு மடத்தாரைக் கொன்று தீர்த்ததையும் அதே பரிவோடு படிக்கத்தான் வேண்டும்.

இப்போது விடாலை நினைவுகூர்வோம். அங்கேயும் துறவியரிடையே பிணக்குத்தான். 'உங்கள் சண்டை முடிந்தபின் வாருங்கள்' என்று ஊரார் கதவைச் சாத்தியிருக்கலாம். இக்காலத்தில் நாம் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம். ஒரு மடத்தில் சச்சரவு என்று காதில் விழுந்துவிட்டால் பங்கு மக்கள் இரண்டு கட்சியாகி, மனு எழுதி, ஆயர் இல்லத்துக்கு வண்டி கட்டிப் புறப்படுகின்றனர். அந்த மடத்தில் இன்று அரிசி இருக்கிறதா என்று கேட்பவர் அரியர். விடால் மக்கள் சண்டை நடந்ததை மறைக்கவில்லை; கல்லிலேயே வெட்டினார்கள். வெட்டிய கையோடு, இவர்களுக்கு நாங்கள் பொறுப்பு என்றும் எழுதினார்கள். துறவியர் மாசற்றவராய் இருந்தால்தான் சோறு என்ற நிபந்தனையை அவர்கள் விதிக்கவில்லை.

ஊரார் ஏற்பு இல்லாவிடில் என்ன ஆகும் என்பதற்கும் அயர்லாந்தில் ஒரு சான்று உண்டு. டப்ளின் நகருக்கு வடக்கே நாட்டுப்புறத்தில் கிரேஸ் டியூ என்ற கன்னியர் மடம் இருந்தது. அவ்வட்டாரத்துக் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்து கல்வி பெற்றனர். எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களை ஒழிக்க முற்பட்டபோது, அவனுடைய அயர்லாந்து ஆளுநரும் ஆலோசகரும் 1539இல் ஆறு இல்லங்களையாவது விட்டுவைக்குமாறு வேண்டினர். கிரேஸ் டியூ அவற்றுள் ஒன்று. பெண்கல்விக்கு வேறு இடமில்லை என்பது அவர்கள் காட்டிய காரணம். வேண்டுதல் பலிக்கவில்லை, மடம் மூடப்பட்டது. அதன் நிலமும் வருவாயும் அரசன் கையில் இருந்தன. எனவே ஒரே ஆணை போதுமானதாயிற்று. நிலத்தையும் பத்திரத்தையும் நம்பி நின்ற இல்லங்கள் ஒரு கையெழுத்தில் வீழ்ந்தன. அதன்பின் மறைந்து வாழ்ந்த குருக்களையும் எஞ்சிய துறவியரையும் எளிய குடும்பங்களே தம் கூரையடியில் வைத்துக் காத்தன.

அக்கூரைகளின் அடியில் காக்கப்பட்ட விசுவாசத்திலிருந்துதான் 1775இல் கார்க் நகரில் நானோ நேகிள் அம்மையார் ஏழைப் பிள்ளைகளுக்கெனப் புதிய துறவற சபை ஒன்றைத் தொடங்கினார். அச்சபையின் சகோதரியர் 1842இல் சென்னைக்கு வந்து இறங்கினர். ஜார்ஜ் டவுனில் தொடங்கிய அவர்கள் பணி 1909இல் சர்ச் பார்க் பள்ளியாகவும் விரிந்தது. ஆக, கன்னியர் மடம் கப்பலேறி வந்தது என்று சொல்வோர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அக்கப்பல் வந்து சேர்ந்த மண்ணில் கனகவீரக் குரத்தியார் 950 ஆண்டுகளுக்கு முன்னரே பெண்களைக் கூட்டிக் கற்பித்திருந்தார் என்பதை மட்டும் அதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர் மட்டும் கொடுத்தது, துறவியர் வாங்கினர் என்று யாரும் நினைத்துவிடலாகாது. ஆரணியிலிருந்து போளூர் செல்லும் வழியில் வடமாதிமங்கலத்துக்கு அருகே திருமலை என்னும் சமணத் தலம் இருக்கிறது. சுமார் 16 அடி உயர நேமிநாதர் திருவுருவத்தைக் காணப் பலர் செல்கின்றனர். அங்கே முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. குணவீர மாமுனிவர் என்பவர், கணிசேகர மருபொற்சூரியன் என்ற சமண ஆசிரியரின் பெயரால் ஒரு கலிங்கு கட்டினார் என்கிறது அது. கலிங்கு என்பது என்ன என்று நம் உழவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரி நிறைந்தால் கரை உடையாமல் மிகுநீரை வெளியேற்றும் வழி அது; அது பழுதானால் ஒரு மழையில் ஊரின் ஓராண்டுச் சோறு போய்விடும். உடைமை ஏதும் கொள்ளாத ஒரு முனிவர், தம் குருவின் பெயரைக் கோபுரத்தில் பொறிக்காமல் கலிங்கில் பொறித்தார். திருமலைக்குச் செல்லும் நம் இளைஞர் இயக்கத்தினர் சிலையோடு திரும்பிவிடாமல் இக்கல்வெட்டையும் கேட்டுப் பார்த்து வரவேண்டும். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965இல் சங்கம் அறிவித்ததைப் படிக்க உரோமைக்குப் போக வேண்டியதில்லை. போளூர்ப் பேருந்து போதும்.

நம் சிற்றூர்களில் உள்ள கன்னியர் மடங்கள் பலவற்றில் இன்று மூன்று நான்கு சகோதரியரே இருக்கின்றனர். பள்ளிக்கூடமும் மருந்தகமும் இருப்பதால் அவர்களுக்கு வருவாய் இருக்கும் என்று ஊரார் எண்ணுகின்றனர். பள்ளிக்குக் கட்டணம் செலுத்திவிட்டால் கடமை முடிந்தது. ஓய்வு பெற்று முதுமையில் படுத்திருக்கும் சகோதரியை யார் பார்க்கிறார்கள், மடத்துக் கிணறு வற்றினால் யார் கேட்கிறார்கள் என்பது பங்குப் பேரவையின் நிகழ்ச்சி நிரலில் வருவதில்லை. இயேசுவின் பயணங்களில் யோவன்னாவும் சூசன்னாவும் வேறு பல பெண்களும் தம் உடைமையால் பணிவிடை செய்தனர் என்று லூக்கா எட்டாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அப்பகுதியை வாசிக்கும் ஞாயிறன்று நம் மறையுரைகள் பெண்களின் பெருமையைப் பேசிவிட்டு, அவர்கள் செலவழித்த பணத்தைப் பேசாமல் விடுகின்றன. குருக்களாகிய நம் பங்கும் அதில் உண்டு.

விடாலில் இன்று குரத்தியாரின் இல்லம் இல்லை. குன்றும் குகைகளும் எழுத்தும் இருக்கின்றன. ஆனால் வெம்பாக்கத்தை அடுத்த கரந்தை, திருப்பனமூர்ப் பக்கத்திலும் வந்தவாசி, சேத்துப்பட்டு வட்டாரத்திலும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. திருமலையில் 1998இல் ஒரு மடமும் எழுந்தது. திகம்பரத் துறவியர் கால்நடையாய் ஊருக்கு வரும் நாளில், இல்லறத்தார் நீராடி, தூய்மையாய்ச் சமைத்து, கையில் கலசத்தோடு தத்தம் வீட்டு வாசலில் நின்று அவர்களை அழைக்கின்றனர். யார் வீட்டுக்கு வருவார் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே எல்லா வீட்டிலும் சமைக்கின்றனர்.