கேளாதோர் யார்?

‘செவிட்டில் ஒன்று விட்டேன்’ என்று சண்டை போட்டவர் சொல்லும்போது யாரும் காது கேளாமையை நினைப்பதில்லை. அடி விழுந்த இடம் காதோரம், அவ்வளவுதான். அதே சொல்லை ஒரு மனிதருக்குப் பெயராகச் சூட்டியதும் அது வசையாகிவிடுகிறது.

செவிடு என்ற சொல்லுக்குள் இருப்பது செவி. கன்னடத்தில் காது ‘கிவி’, கேளாமை ‘கிவுடு’. தெலுங்கில் ‘செவி’, ‘செவுடு’. மலையாளத்தில் ‘செவி’, ‘செவிடன்’. கன்னடம் காத்துவைத்திருக்கும் ககரம் மற்ற மூன்று மொழிகளிலும் சகரமாகத் திரிந்திருக்கிறது. வேர் ஒன்றே. ‘இல்லை’ என்று பொருள்படும் துணுக்கு எதுவும் இந்தச் சொல்லில் ஒட்டியிருக்கவில்லை. பிறகு குறை எங்கிருந்து வந்தது?

புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு மக்கட்பிறப்பின் எட்டு ‘எச்சங்களை’ எண்ணிக் காட்டுகிறார். குருடு, கூன், குறள், ஊமை ஆகியவற்றோடு செவிடும் அந்தப் பட்டியலில் உண்டு. எச்சம் என்றால் குறை. இலக்கணத்திலும் எச்சம் என்றொன்று இருக்கிறது. தன்னை முடித்துவைக்க இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்பது அது. ‘வந்த’ என்று நிறுத்தினால் ‘யார், எது’ என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? பாட்டின் பட்டியலும் மனிதரை அப்படி முடிவுபெறாத சொல்லாகத்தான் பார்க்கிறது.

பழமொழி இன்னும் கடுமையானது. ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்கிறோம். பழி முழுவதும் கேட்காதவர் மேல். ஊதியவர் சங்கைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணெதிரே கையை அசைத்திருக்கலாமே என்று யாரும் சொன்னதில்லை.

இந்த வசைச் சொற்களைத் தவிர்க்க அரசு ஏடுகள் ‘ஊனமுற்றோர்’ என்று எழுதின. அதன் வரலாறு வேறு. வடமொழியில் ‘ஊன’ என்றால் ‘குறைந்த’. அம்மொழியில் பத்தொன்பதுக்கு ‘ஊனவிம்சதி’ என்று ஒரு பெயர், அதாவது ஒன்று குறைந்த இருபது. இந்தியில் வழங்கும் ‘உன்னீஸ்’ அதன் வழித்தோன்றல். பத்தொன்பது தன்னளவில் முழு எண்தான். இருபதை அளவுகோலாக வைத்த பிறகே அதில் ஒன்று குறைகிறது. கேளாமை ஊனமா என்ற வாதம் முழுவதும் இந்த எண்ணுக்குள் அடங்கிவிடும். இருபதை அளவாக வைத்தது யார்?

அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்டு தீவில் அந்த அளவே வேறாக இருந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் காது கேளாதவர்கள் பிறந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, காது கேட்கும் அண்டை அயலாரும் அவர்களோடு சைகையிலேயே பேசினார்கள். நோரா எல்லன் குரோஸ் 1985இல் இதை நூலாக எழுதினார். காது ஒன்றுதான், ஊர் மாறினால் ஊனமும் மாறுகிறது.

ஆனாலும் ‘குறை’ என்ற சொல்லை ஒரேயடியாகத் தூக்கி எறிய முடியாது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டம், இரு காதுகளிலும் பேச்சொலி அலைவரிசையில் 70 டெசிபல் கேட்கும் திறன் இழந்தவரைக் காது கேளாதவர் என்கிறது. 60 முதல் 70 வரை என்றால் காது மந்தம். இவ்விரு பிரிவினருக்கும் சேர்த்து அரசுப் பணிகளில் 1 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. குறையே இல்லை என்று வாதாடி வென்றுவிட்டால், அந்த இடத்தை எதைக் காட்டிக் கேட்பது? ‘செவித்திறன் குறையுடையோர்’ என்பது சான்றிதழுக்கான பெயர். அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

2010இல் தமிழ்நாடு அரசு ‘மாற்றுத்திறனாளி’ என்ற பெயரைக் கொண்டுவந்தது. மரியாதையான பெயர்தான். ஆனால் கண் தெரியாதவருக்கும் கால் இழந்தவருக்கும் காது கேளாதவருக்கும் அது ஒரே போர்வை. காது கேளாதவரிடம் உள்ள ‘மாற்று’ ஒரு முழு மொழி. சைகைமொழிக்கும் பேச்சுமொழியைப் போலவே உள்ளமைப்பு உண்டு என்பதை, அமெரிக்கச் சைகைமொழியை ஆராய்ந்து 1960இல் காட்டியவர் வில்லியம் ஸ்டோக்கோ. 1972இல் ஜேம்ஸ் உட்வர்டு ஆங்கிலத்தில் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். ‘டெஃப்’ என்ற சொல்லின் முதலெழுத்தைச் சிறிய எழுத்தாக எழுதினால் காதின் நிலை, பெரிய எழுத்தாக எழுதினால் அந்த மொழியால் ஒன்றுபட்ட சமூகம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது. இதை நாம் வேறு வழியில்தான் சொல்ல வேண்டும்.

நமக்கு வழி காட்டுவது ‘கேள்’ என்ற சொல். ஒலியைக் கேட்பதும் கேள், வினவுவதும் கேள். பழந்தமிழில் உறவும் கேள்தான். உறவினர் ‘கேளிர்’. கேள்வியால் துளைக்கப்படாத செவி, ஒலியைக் கேட்டாலும் செவிடுதான் என்பது வள்ளுவர் முடிவு. அவர் பார்த்தது காதை அல்ல, கேட்கும் மனத்தை.

செவிடு முதல் மாற்றுத்திறனாளி வரை எல்லாமே வாய்ப்பேச்சில் பிறந்த பெயர்கள். சைகையில் பேசுவோர் தங்களுக்குள் ஒவ்வொருவருக்கும் கையாலேயே தனிப்பெயர் வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே சான்றிதழில் செவித்திறன் குறை இருந்துவிட்டுப் போகட்டும். ஆளை என்ன பெயரால் அழைப்பது என்பதை அவரிடமே கேட்டு எழுதுங்கள். கேட்காதவரை, கேளாதோர் நாம்தான்.