லூயி உடல் மறதிநோய்: வீட்டுப் பராமரிப்பு

லூயி உடல் மறதிநோய், ஆல்பா-சைனூக்ளின் என்ற புரதம் மூளை நரம்பணுக்களில் திரண்டு படிவதால் முதுமையில் வரும் நோய். இத்திரள்களை 1912இல் ஃபிரெடெரிக் லூயி விவரித்தார். மறதிநோயுடன் அவற்றுக்குள்ள தொடர்பை 1976 முதல் ஜப்பானிய மருத்துவர் கென்ஜி கொசாகா நிறுவினார்.

இயல்பு: தெளிவும் குழப்பமும் மாறி மாறி வரும். காலையில் கணக்குப் பார்த்தவர் மாலையில் மகளையே அடையாளம் காணாமல் போகலாம். இது நடிப்போ பிடிவாதமோ அன்று. இல்லாத குழந்தைகளோ விலங்குகளோ தெளிவாகக் கண்ணில் படும். நடை தளரும், உடல் விறைக்கும். உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால் வீசுவது பல ஆண்டுகள் முன்பே தொடங்கலாம்.

பராமரிப்பு: மாயக்காட்சியை மறுத்து வாதிடாமல், அச்சத்தைத் தணித்துப் பேச்சை மாற்றுவது நல்லது. நிழல் விழாத வெளிச்சம் உதவும். கண்ணாடியில் தெரியும் உருவம் மிரட்டினால் அதை மூடிவைக்கலாம். எழும்போது ரத்த அழுத்தம் சட்டென இறங்குவதால், சற்று உட்கார்ந்திருந்த பிறகே நிற்க வைக்க வேண்டும். கட்டில் தாழ்வாகவும் குளியலறையில் பிடிகம்பியும் இருப்பது நலம். மலச்சிக்கலையும் விழுங்கும்போது புரையேறுவதையும் கவனிக்க வேண்டும்.

மருந்து: ரிவாஸ்டிக்மின், டோனெபெசில் ஆகியவை சிலருக்குப் பலன் தரும். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் கடும் விறைப்பையும் சில வேளை உயிராபத்தையும் விளைவிக்கலாம். எனவே, எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் நோயின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும். திடீரெனக் குழப்பம் மிகுந்தால் சிறுநீர்த் தொற்று, வலி போன்றவை காரணமா என்று பார்க்க வேண்டும். கவனிப்பவருக்கும் முறைவைத்து ஓய்வு தேவை.