‘இரத்தம்’ என்ற சொல்லைக் கேட்டபோது

அந்தமான் மொழிகள் பற்றிய ஆய்வு வரலாற்றில் ஒரு சிறு நிகழ்ச்சி என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. பெரிய அந்தமானிய மொழியில் ‘இரத்தம்’ என்பதற்கு என்ன சொல் என்று பேராசிரியர் அன்விதா அப்பி கேட்கிறார். நாவோ ஜூனியர் பதில் கூறவில்லை. வற்புறுத்தியபோது, அது எங்கிருந்து வருகிறது என்று அவர் திருப்பிக் கேட்கிறார். எங்கிருந்தும் இல்லை, சொல் மட்டும் போதும் என்பது அவருக்குப் பொருளற்ற விடை. விரலில் கண்டதாக அப்பி கற்பனையாகக் கூறிய பிறகே ‘ஒங்தெய்’ என்ற சொல் கிடைத்தது. காலிலிருந்து கசிந்தால் ‘ஓதெய்’. உடலுக்குள்ளேயே கசிந்தால் ‘எதெய்’. களப்பணிக்கு நாம் எடுத்துச் செல்லும் சுவதேஷ் பட்டியலில் இரத்தத்துக்கு எதிரே ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது என்பதை மாணவ நண்பர்கள் நினைவில் கொள்ளலாம்.

உடலைச் சில மண்டலங்களாகப் பிரித்து, அவற்றைக் குறிக்கும் முன்னொட்டுகளைப் பெயரிலும் வினையிலும் பெயரடையிலும் ஏற்றும் மொழி இது. தமிழிலும் மலைக்கு அடியும் கிணற்றுக்கு வாயும் உண்டு. ஆயினும் அவை உருவகங்களே, இலக்கணக் கட்டாயம் அல்ல. இவ்வமைப்பின் ஒரு பகுதியை எட்வர்ட் ஹொரேஸ் மேன் 1883ஆம் ஆண்டிலேயே பதிவுசெய்துவிட்டார்: உடைமைச் சுட்டுப்பெயர்கள் உடலுறுப்புக்கேற்ப மாறுவதை அவர் கண்டிருந்தார்.

மேனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1869இல் அந்தமானுக்கு வந்து, 1901 வரை அத்தீவுகளிலும் நிக்கோபாரிலும் பணிபுரிந்தவர் அவர். மொழியைக் கற்றார், அகராதி தொகுத்தார், ஒளிப்படங்கள் எடுத்தார். அம்மக்கள் மீது அவருக்கிருந்த பற்றை நான் ஐயுறவில்லை. ஆனால் ‘நட்பு’ என்பது அன்று அரசுக் கொள்கையின் பெயராகவும் இருந்தது. 1858இல் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டபின், 1863இல் ராஸ் தீவில் பாதிரியார் கார்பின் தொடங்கிய ‘அந்தமான் இல்லம்’ அக்கொள்கையின் உருவம். அந்த இல்லங்களில் பிறந்த ஏறத்தாழ 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை. 1875 முதல் 1879 வரை அந்தமானியருக்குப் பொறுப்பதிகாரியாக இருந்தவர் மேன்தான். கிரந்தி நோய் பரவியதும், 1877இல் மணல்வாரி அம்மை பரவியதும் அக்காலத்தில்தான். அவருடைய சொற்பட்டியல்களைப் படிக்கும்போது, அச்சொற்களைத் தந்தவர்களுள் எத்தனைபேர் அடுத்த பருவமழையைக் கண்டார்கள் என்ற எண்ணம் எழாமல் இருப்பதில்லை. 1901 கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1961இல் 19 பேர்.

இடையில் 1906 முதல் 1908 வரை ராட்கிளிஃப் பிரவுன் வந்தார். இந்துஸ்தானியையும் மொழிபெயர்ப்பாளரையும் சார்ந்து பணிசெய்தார். அடுத்து ஆஸ்திரேலியா சென்றார். 1922இல் வெளிவந்த அவருடைய நூல் மானிடவியலின் செவ்வியல் நூலாயிற்று. ஒருமுறை சென்று வந்தாலும் கோட்பாடு எழுதிவிடலாம் போலும்.

அப்பி 2001இல் முதலில் ஆய்வுக்குச் சென்றார். 2005 முதல் நெடுங்கால ஆவணப்பணிக்காகத் திரும்பத் திரும்பச் சென்றார். ஆழிப்பேரலை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஸ்டிரெய்ட் தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் போர்ட் பிளேரின் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) நிவாரண முகாமில் இருந்தனர். கதைகள் யாவும் மறந்துவிட்டன என்றே நாவோ முதலில் கூறினார். வெகுகாலமாகக் கேட்பவர் இல்லாத கதைகள் அவை. கேட்பதற்கு ஒருவர் நாள்தோறும் வந்து அமர்ந்தபோது, முதல் மனிதனைப் பற்றிய கதை துண்டுதுண்டாகத் திரும்பி வந்தது. வினாநிரலால் இதைச் சாதித்திருக்க முடியாது என்பது என் துணிபு.

போவா சீனியரின் நிலை வேறு. போ மொழியை அறிந்த கடைசி மனிதர் அவர். பிறருடன் அந்தமானிய இந்தியில் பேசினார்; தம் மொழியில் பறவைகளோடு பேசினார். இது முதுமையின் தடுமாற்றம் அன்று. கடலின் பெரிய மீன் விழுங்கிய முன்னோர் பறவைகளானார்கள் என்பது அவர்களுடைய மரபு. எனவே அவர் உறவினரிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்.

மீண்டும் செல்பவருக்கு ஒரு துயரமும் உண்டு: ஒவ்வொரு முறையும் ஒருவர் குறைந்திருப்பார். 2009இல் நாவோ மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் கோரா மொழியின் கடைசிப் பேச்சாளர் போரோ. 2010 ஜனவரி 26 அன்று, ஏறத்தாழ 85 வயதில், போவா. அப்பியின் இலக்கண நூல் 2013இல் வெளிவந்தது. அதன் பக்கங்களில் நாவோ கேட்ட கேள்வி ஓர் இலக்கண விதியாக அமர்ந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் லிச்சோவும் மறைந்தார்.