எழுதாக் கணக்கு: மதிப்பீடுகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

அரசாங்க வேலை நடக்கும் இடங்களில் 'எஸ்டிமேட்' என்ற சொல்லைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. ஆனால் எஸ்டிமேட்டை ஒரு பிரதியாக எடுத்து வைத்து வாசிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. நாவலைக் கட்டுடைக்கிறோம், சட்டத்தைக் கட்டுடைக்கிறோம், பாடநூலைக்கூட விடுவதில்லை. இத்தனை கன மீட்டர் மண், இத்தனை மூட்டை சிமெண்ட், இத்தனை ஆள்கூலி என்று கட்டம் போட்டு எழுதிய காகிதம் வந்தால் மட்டும் 'அது இஞ்சினியர் சமாச்சாரம்' என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அதிகாரம் சத்தமில்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொள்வது இந்த மாதிரி இடங்களில்தான்.

எஸ்டிமேட் என்பது இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிய கதையாடல். அந்தக் கதைக்கு நம்பகத்தன்மை எங்கிருந்து வரும்? நடந்து முடிந்த வேலைகளிலிருந்துதான் வர வேண்டும். முன்பு கட்டிய பாலத்துக்கு எவ்வளவு என்று போட்டார்கள், கடைசியில் எவ்வளவு ஆயிற்று, எந்த இனத்தில் ஏறியது, ஏன் ஏறியது என்ற விவரங்களைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஏதாவது ஓர் ஆண்டின் விலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒத்த வேலையோடு ஒத்த வேலையை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த பாலத்தைப் பற்றி வாய் திறக்க முடியும். கேட்பதற்கு எளிமையாகத்தான் இருக்கிறது. இருந்தும் ஏன் இது நடப்பதில்லை? கணக்கை யார் சேர்ப்பது, யாருக்குக் காட்டுவது, தப்பினால் நட்டம் யார் தலையில் விடியும் என்ற கேள்விகளை விட்டுவிட்டு மதிப்பீட்டின் நம்பகத்தன்மையைப் பேச முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2

1849 ஆகஸ்ட் 17 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டு ரயில்வே கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. வங்காளத்தில் ஈஸ்ட் இண்டியன் ரயில்வே; பம்பாயில் கிரேட் இண்டியன் பெனின்சுலா ரயில்வே. நிலம் இலவசம். லண்டனில் பங்கு வாங்கியவர்கள் போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம். ரயில் ஓடிச் சம்பாதித்தாலும் சரி, சம்பாதிக்காவிட்டாலும் சரி, வட்டி வந்துவிடும். குறைந்ததை இந்திய வருவாயிலிருந்து, அதாவது இங்குள்ள குடியானவன் கட்டும் வரியிலிருந்து கொடுப்பார்கள். பின்னால் வந்த மெட்ராஸ் ரயில்வேயும் இதே ஏற்பாட்டில் வந்ததுதான். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் வண்டிக்கும் பின்னால் இந்த உத்தரவாதம் இருந்தது.

'ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே' என்று ஒரு பழமொழி உண்டு. உத்தரவாத முறையின் பொருளாதாரம் மொத்தமும் அதற்குள் இருக்கிறது. டல்ஹௌசி காலத்தில் ஒரு மைல் பாதைக்குச் சுமார் 8,000 பவுன் ஆகும் என்பது மதிப்பீடு. 1860களின் முடிவில் செலவு மைலுக்குச் சுமார் 18,000 பவுனாகியிருந்தது. செலவு கூடினால் முதல் கூடும்; முதல் கூடினால் உத்தரவாத வட்டியும் கூடும். சிக்கனமாகக் கட்ட வேண்டும் என்று கம்பெனிக்கு என்ன தலையெழுத்து? 1860களில் இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாசி 1872இல் நாடாளுமன்றக் குழுவின் முன் இதை ஒளிக்காமலே சொன்னார். பணம் ஹூக்ளி ஆற்றில் கொட்டப்பட்டாலும் செங்கல்லும் சாந்துமாக மாறினாலும் முதல் போட்டவனுக்கு ஒன்றுதான் என்பது அவர் வாக்குமூலத்தின் சாரம்.

இங்கே கவனிக்க வேண்டியது, விவரங்களுக்குப் பஞ்சமே இல்லை என்பது. கம்பெனிகளை மேற்பார்க்க அரசு இஞ்சினியர்கள் இருந்தார்கள். ஜூலண்ட் டான்வர்ஸ் என்ற அதிகாரியின் பெயரில் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை போயிற்று. எத்தனை மைல், எவ்வளவு முதல், எவ்வளவு வருமானம் என்று அட்டவணை அட்டவணையாக அச்சிட்டார்கள். சென்ற ஆண்டின் அட்டவணை அடுத்த ஆண்டின் எஸ்டிமேட்டைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. அட்டவணையைப் படித்தவர்களுக்கு நட்டமில்லை. நட்டப்பட்டவர்களுக்கு அட்டவணை போய்ச் சேரவில்லை. 1869இல் அரசே நேரடியாகப் பாதை போடுவது என்று கொள்கை மாறியதற்குள் இருபது ஆண்டு போய்விட்டது. ரயில்வேயால் இந்திய வரிசெலுத்துபவருக்கு 1900 வரை 4 கோடி பவுன் நட்டம் என்று ரொமேஷ் சந்திர தத் கணக்குச் சொன்னார்.

பம்பாய்க்கும் புனேவுக்கும் இடையில் போர்காட் மலையில் பாதை போட்ட கதை இன்னும் கசப்பானது. 1863இல் முடிந்த இந்தப் பாதையில் 25 சுரங்கங்கள். உச்சகட்டத்தில் 40,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். கூலி பாக்கிக்காக 1859இல் கலகமே நடந்தது. கட்டுமானம் எப்படி இருந்தது என்பதற்கு 1867இல் இடிந்து விழுந்த மாவ்-கி-மல்லி பாலம் சாட்சி. வெட்டிய பாறைக்கு அளவு இருக்கிறது, வைத்த வெடிமருந்துக்கு அளவு இருக்கிறது. காலராவிலும் விபத்திலும் செத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் வரலாற்றாசிரியர்கள் ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. செலவினமாகக் கருதப்படாதது கணக்கில் ஏறுவதில்லை.

3

ரயிலை எதிர்த்தவர் ஆர்தர் காட்டன். ரயில் வேண்டாம், கால்வாய் வெட்டுங்கள், பயிருக்கும் ஆயிற்று, படகுப் போக்குவரத்துக்கும் ஆயிற்று என்றவர். காவிரியில் 1836இல் மேலணை, கோதாவரியில் 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரம் என்று அவர் கையிருப்பில் வெற்றிகள் இருந்தன. அவரை வைத்து நாம் ரயில்வே கம்பெனிகளை விமர்சிப்பது வழக்கம். ஆனால் காட்டனின் கணக்கும் ஓரிடத்தில் உதைத்தது.

துங்கபத்திரையிலிருந்து கர்நூல், கடப்பை வழியாகக் கால்வாய் வெட்டும் அவருடைய யோசனையை மெட்ராஸ் இரிகேஷன் அண்ட் கெனால் கம்பெனி எடுத்துக்கொண்டது. பத்து லட்சம் பவுன் முதல். அதற்கும் அதே 5 சதவீத உத்தரவாதம். 1863இல் வேலை தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே பணம் தீர்ந்தது. அரசு மேற்கொண்டு கடன் கொடுத்தது. கால்வாய் வந்தது, தண்ணீர் வாங்க ஆள் வரவில்லை. கடைசியில் 1882இல் அரசே அதை வாங்கித் தலைமுழுகியது.

ஏன் இப்படி ஆயிற்று? டெல்டாவில் கிடைத்த விவரத்தை மேட்டுநிலத்துக்குப் போட்டுப் பார்த்தார்கள். டெல்டாக்காரன் தண்ணீருக்கு ஏங்கிக் கிடந்தவன், நெல் போடத் தெரிந்தவன். கர்நூல் கரிசலில் சோளமும் பருத்தியும் போடுகிறவனுக்கு வழக்கமாக மழை பெய்யும் ஆண்டில் கால்வாய்த் தண்ணீர் தேவையில்லை. அவனுடைய மண்ணைப் பற்றி அவனுக்குத் தெரியும். அவனிடம் யாரும் கேட்கவில்லை. ரயில்வேயில் விவரம் இருந்தும் பயன்படவில்லை என்றால், இங்கே பயன்பட்ட விவரம் வேறொரு மண்ணுடையது. உண்மையான எண்கூட தன் இடத்திலிருந்து பெயர்த்து நட்டால் பொய்யாகிவிடும்.

4

மூன்றாவது வகை: ஆட்களையே எண்ணாமல் விடுவது. இதற்கு நர்மதையைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 1979இல் நடுவர்மன்றத் தீர்ப்பு வந்தபோது சர்தார் சரோவர் அணையில் மூழ்கப்போகும் குடும்பங்கள் 6 ஆயிரத்துச் சொச்சம் என்றார்கள். 1990களின் தொடக்கத்தில் அரசே சொன்ன எண் 40 ஆயிரத்தைத் தொட்டது. ஜனங்கள் அதற்குள் ஆறு மடங்காகப் பெருகிவிடவில்லை. பட்டா இல்லாத ஆதிவாசி, நிலமில்லாத கூலி, வயதுவந்த மகன் என்று ஒவ்வொருவரும் போராடிப் போராடிப் பட்டியலுக்குள் வந்தார்கள். கால்வாய்க்கு நிலம் கொடுத்தவர்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியிலேயே நின்றார்கள். உலக வங்கி அமர்த்திய மோர்ஸ் குழு 1992இல் அறிக்கை தந்தபோது, மறுகுடியமர்த்தலுக்குத் தேவையான அடிப்படை விவரங்களைக்கூடச் சரியாகச் சேகரிக்காமலே கடன் கொடுக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. அடுத்த ஆண்டு வங்கியின் கடன் நின்றது.

எண்ணப்படாத ஒவ்வொரு குடும்பமும் எஸ்டிமேட்டைக் குறைத்துக் காட்ட உதவுகிறது. குறைந்த எஸ்டிமேட் அணைக்கு அனுமதி வாங்கித் தருகிறது. ஆக, எண்ணாமல் விடுவது கணக்குப்பிள்ளையின் மறதியாக இருக்க வேண்டியதில்லை. அது திட்டத்தின் மூலதனம்.

இந்த இடத்தில் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1988இல் அப்போதிருந்த திட்டக் கமிஷன் ஒப்புதல் கொடுத்த தொகை 6,406 கோடி ரூபாய். 2010இல் திருத்திய தொகை 39,240 கோடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி 'ஆறு மடங்கு!' என்று துண்டறிக்கை அடிப்பது சுலபம். ஆனால் முன்னது 1986-87 விலை, பின்னது 2008-09 விலை. விலைவாசியால் ஏறியது எவ்வளவு, முதலிலேயே சேர்க்காமல் விட்டதால் ஏறியது எவ்வளவு, தாமதத்தால் ஏறியது எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால்தான் அது எதிர்க்கணக்கு. பிரிக்காவிட்டால் அவர்களுடைய வித்தையை நாமும் திருப்பிச் செய்தவர்களாவோம். அவர்கள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள்.

5

இதை உலக அளவில் செய்து பார்த்தவர் டென்மார்க்கின் பென்ட் ஃப்ளூபியர்க். ஃபூக்கோவையும் நீட்ஷேயையும் படித்துவிட்டு ஆல்போர்க் நகரத் திட்டமிடலில் பகுத்தறிவும் அதிகாரமும் எப்படிப் புரள்கின்றன என்று புத்தகம் எழுதியவர் அவர் என்பது நம் வாசகர்களுக்குச் சுவாரஸ்யமாக இருக்கலாம். 2002இல் அவரும் கூட்டாளிகளும் 20 நாடுகளில் 258 போக்குவரத்துத் திட்டங்களின் கணக்கைச் சேர்த்து ஒப்பிட்டார்கள். பத்தில் ஒன்பதில் செலவு எஸ்டிமேட்டைத் தாண்டியிருந்தது. சராசரி மிகுதி ரயில் திட்டங்களில் 45 சதவீதம், பாலங்களிலும் சுரங்கங்களிலும் 34 சதவீதம், சாலைகளில் 20 சதவீதம். அணைகளைப் பற்றி உலக அணைகள் ஆணையம் 2000இல் 81 அணைகளை வைத்துச் சொன்ன சராசரி 56 சதவீதம்.

வெறும் பிழை என்றால் கூடவும் குறையவும் சமமாக இருக்க வேண்டுமல்லவா? எப்போதும் ஒரே பக்கம் சாய்கிற தராசைப் பிழை என்று சொல்ல முடியுமா? எழுபது ஆண்டுகளில் இந்தச் சாய்வு குறையவே இல்லை என்றும் அவர்கள் கண்டார்கள். கம்ப்யூட்டர் வந்தது, முறைகள் நுணுகின, எஸ்டிமேட் மட்டும் தேறவில்லை. கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் இதற்கு மனித மனத்தின் அதீத நம்பிக்கையைக் காரணம் காட்டி, தன் திட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்காமல் அதைப் போன்ற பழைய திட்டங்களின் முடிவை வெளியிலிருந்து பாருங்கள் என்றார்கள். ஃப்ளூபியர்க் அந்த வைத்தியத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் மனத்தின் பலவீனம் பாதிதான், அனுமதி வாங்குவதற்காகத் தெரிந்தே குறைத்துப் போடுவது மீதி என்றார். 1849 ஒப்பந்தத்தைப் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

வெளியிலிருந்து பார்ப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. எந்தப் பழைய திட்டங்கள் 'இதைப் போன்றவை' என்று யார் முடிவு செய்வது? தவளேஸ்வரத்தைக் கர்நூலைப் போன்றது என்று ஒருமுறை முடிவு செய்தார்கள் அல்லவா?

6

மேலே சொன்ன எல்லாவற்றிலும் கணக்கு மேலே இருந்தவர்களிடம் இருந்தது. அது கீழே இறங்கிய ஒரு தருணம் உண்டு. ராஜஸ்தானில் 1990இல் தொடங்கப்பட்ட மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் கோட்கிரானா ஊராட்சியில் முதல் 'ஜன் சுன்வாயி'யை, அதாவது மக்கள் விசாரணையை நடத்தியது. பஞ்சத்துக்கு நிவாரண வேலை செய்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி தராமல், வேலையின் அளவு போதவில்லை என்று சொல்லி வந்தார்கள். சரி, அளவைக் காட்டு என்று கேட்டதுதான் தொடக்கம். மஸ்டர் ரோலையும் பில்லையும் ரசீதையும் ஊர் நடுவில் வைத்து உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி, வந்து சேராத பொருளுக்கு ரசீது, முடிந்ததாக எழுதப்பட்டு முடியாமல் நிற்கும் கட்டடம் என்று ஒவ்வொன்றாக ஜனங்களே எழுந்து நின்று சொன்னார்கள்.

இதை ஊழல் ஒழிப்பு என்று மட்டும் பார்ப்பது குறுகிய வாசிப்பு. அறிவுருவாக்க முறை ஒன்று அங்கே பிறந்தது. முடிந்த வேலையின் மெய்யான விலை என்ன என்பதற்கு மண் சுமந்தவளே சாட்சி. அவள் சாட்சியம் சேராத கணக்கை அடிப்படையாக வைத்து அடுத்த எஸ்டிமேட் போட்டால், பொய்யின்மேல் பொய் ஏறும். 2005இன் தகவல் உரிமைச் சட்டம் ஆவணத்தைப் பார்க்கும் உரிமையோடு, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும் பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும் உரிமை கொடுத்தது இந்தப் போராட்டங்களின் விளைவு. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சமூகத் தணிக்கைக்கு இடம் கொடுத்தது.

இன்றைக்கும் நாம் பெரும்பாலும் தகவல் கேட்பது ஊழலைப் பிடிக்கத்தான். பிடித்ததும் கோப்பை மூடிவிடுகிறோம். ஒரு வட்டாரத்தில் பத்தாண்டில் முடிந்த சிறுபாலங்கள், ஏரிக்கரை வேலைகள், பள்ளிக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் முதல் எஸ்டிமேட் எவ்வளவு, கடைசி பில் எவ்வளவு, எத்தனை மாதம் தாமதம், யாருடைய நிலம் போயிற்று என்று எம் புக்கையும் வேலை செய்தவர்களையும் வைத்து ஒரு பட்டியல் போட்டு, விலைவாசியைக் கழித்து, ஊருக்குப் பொதுவில் வைத்தால் என்ன ஆகும்? அடுத்து வரும் திட்டத்தின் எஸ்டிமேட்டை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்க ஊருக்கு ஒரு பிடி கிடைக்கும். எதிர்ப்பதா ஆதரிப்பதா என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். போர்காட்டில் செத்தவர்களின் கணக்கு இனி தீராது. நம் காலத்தில் நடக்கும் வேலைகளின் கணக்கை எழுத இன்னும் நேரமிருக்கிறது.