பிணையும் ஈட்டுறுதியும்: ஒரே தாளில் இரு பொறுப்புகள்

ஜாமீன்தாரரிடம் வங்கிகள் கையெழுத்து வாங்கும் அச்சுப் படிவங்களில் இப்படியொரு நிபந்தனையைக் காணலாம்: கடனாளி தவறினால் ஜாமீன்தாரர் கட்ட வேண்டும், எக்காரணத்தால் கடன் வசூலாகாமல் போனாலும் வங்கியின் இழப்பை அவர் ஈடுசெய்ய வேண்டும். முன்னது பிணை, பின்னது ஈட்டுறுதி. இரண்டையும் இப்படிக் கலப்பது, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிணையாளருக்குத் தந்த காப்பைப் பறித்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிணையில் கடன் கொடுத்தவர், கடனாளி, பிணையாளர் என மூவர் உண்டு (பிரிவு 126). ஈட்டுறுதிக்கு இருவர் போதும் (பிரிவு 124). பாடநூல்கள் பெரும்பாலும் இந்த ஆள்கணக்கையே முன்வைக்கின்றன. ஆனால் 124ஆம் பிரிவும் வேறொருவரின் நடத்தையால் வரும் இழப்பைப் பேசுகிறது. அங்கும் மூன்றாமவர் வந்துவிடுகிறார். எனவே பார்க்க வேண்டியது, பொறுப்பு பிறர் கடனைச் சார்ந்து நிற்கிறதா, தனித்து நிற்கிறதா என்பதையே.

மைனர் வழக்குகளில் இது பளிச்செனத் தெரியும். கூட்ஸ் எதிர் பிரவுன்-லெக்கி (1947) வழக்கில், மைனரின் ஓவர்டிராஃப்டுக்குப் பிணை நின்றவர்கள்மீது பொறுப்பில்லை என்றது இங்கிலாந்து நீதிமன்றம். கடனே செல்லாதபோது பிணை எதைப் பற்றி நிற்கும்? யோமன் கிரெடிட் எதிர் லேட்டர் (1961) வழக்கிலோ, மைனர் தவணை முறையில் எடுத்த காருக்காகப் பெரியவர் ஒருவர் தந்த உறுதிமொழி ஈட்டுறுதி எனக் கொள்ளப்பட்டது. அவர் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில் 1677ஆம் ஆண்டுச் சட்டம் பிணைக்கு எழுத்துச் சான்று கேட்டது. அதனால் அங்கே இந்த வேறுபாடு ஓயாத வழக்கானது. இங்கே வாய்மொழிப் பிணையும் செல்லும். ஆகவே வேறுபாடு வெறும் ஏட்டுச் சரக்கு என்று நினைப்பது தவறு. மைத்துனரின் கடனுக்கு ஒருவர் பிணை நிற்கிறார். அவர் சம்மதமின்றி வங்கி கடன் நிபந்தனைகளை மாற்றினால், அதற்குப் பிந்தைய நடவடிக்கைகளுக்கு அவர் பொறுப்பல்லர் (பிரிவு 133). கடனாளியை விடுவித்தாலோ, அவருக்குத் தவணை நீட்டிப்பதாக ஒப்புக்கொண்டாலோ பிணையாளரும் விடுபடுகிறார் (134, 135). ஈட்டுறுதி தந்தவருக்கு இப்பிரிவுகள் துணை வருவதில்லை.

ஒப்பந்தச் சுதந்திரம் உண்டே எனலாம். பேரம் பேசிய இருவருக்கு அது பொருந்தும். அச்சிட்ட படிவத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்திடுபவர் எதைப் பேரம் பேசினார்? வங்கியும் பலவீனமான நிலையில் இல்லை. பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு ஈடானது (பிரிவு 128). கடனாளியை முதலில் துரத்தத் தேவையில்லை என்று பாங்க் ஆஃப் பிஹார் எதிர் தாமோதர் பிரசாத் (1969) வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஈட்டுறுதிக்கு உரிய இடம் வேறு. நாமினி இல்லாமல் இறந்தவரின் டெபாசிட்டை வாரிசுகளுக்குத் தரும்போது வங்கி இண்டெம்னிட்டி பாண்டு கேட்பது நியாயமே. அங்கே பிறர் கடன் ஏதுமில்லை. நாளை இன்னொரு வாரிசு உரிமை கோரி வரலாம் என்ற ஆபத்து மட்டுமே உண்டு.

பிறர் கடனையொட்டி எழுந்த உறுதிமொழியை, படிவம் என்ன பெயரிட்டாலும், பிணையாகவே நீதிமன்றங்கள் படிக்க வேண்டும். ஈட்டுறுதியும் வேண்டுமென்றால் வங்கிகள் அதைத் தனித்தாளில், கையெழுத்திடுபவருக்குத் தெரிந்த மொழியில் எழுதி, தனியே ஒப்பம் பெறட்டும்.